சொர்ணாம்பாள் டீச்சருக்குக் கிடைத்த துப்பு

காரைக்கால் வட்டாரத்தில் பொதுத்தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேருக்குச் சொர்ணாம்பாள் டீச்சரின் செருப்புச் சத்தம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கும். சத்தம் கேட்கிறவரை பிரச்சினை இல்லை. செருப்பை ஹாலுக்கு வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார் என்றால்தான் ஆபத்து. இருபத்தொன்பது வருடக் கணக்கு டீச்சர் உத்தியோகத்தில் அவர் பிட்டுப் பிடிக்காத இடம் இல்லை. சட்டைக் காலரின் மடிப்பு, பேனா மூடி, தண்ணீர் பாட்டில் லேபிளின் உள்பக்கம். ஒரு தடவை கை உடைந்து மாவுக்கட்டுப் போட்டு வந்தவன் ஒருவன், கேள்வித்தாளைப் பார்த்த அதிர்ச்சியில் அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டான். கட்டைப் பிரித்தால் உள்ளே முழு முக்கோணவியலும் இருந்தது.

"கையைப் பாக்கக் கூடாது, தொண்டையப் பாக்கணும். தப்புப் பண்றவன் எச்சில் முழுங்கிக்கிட்டே இருப்பான்" என்று புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியைகளுக்குச் சொல்லித் தருவார். எத்தனை பேரைப் பிடித்தோம் என்பதில் அவருக்குப் பெருமை கிடையாது. ஒருத்தரைக்கூட தப்பாகப் பிடித்ததில்லை என்பதில்தான் பெருமை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர் தெட்சிணாமூர்த்தி. அம்பகரத்தூரில் பதினைந்து மா நிலத்தில், அதாவது ஐந்து ஏக்கரில், நெல் பயிரிடுகிறவர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, யாரிடமும் உரக்கப் பேச மாட்டார். இனிப்பு என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அவரைக் கோயிலில் உட்காரவைத்துக் கற்பூரம் காட்டியிருக்கலாம். ஏழு வருடத்துக்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, "அப்ப இன்னிக்கு ஒருநாள் மட்டும்" என்று திரும்பும் வழியில் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கியவர் அவர்.

அன்று தொடங்கியது வீட்டுக்குள் ஓயாத தேர்வுக் கண்காணிப்பு. மோட்டார் கொட்டகையில் ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் வெல்லம். ஸ்கூட்டர் டிக்கியில் இன்சூரன்ஸ் காகிதத்துக்குக் கீழே ரவையில் செய்த தம்ரூட். ஹெல்மெட்டின் பஞ்சைப் பிய்த்து அந்தக் குழிக்குள் பாதுஷா. தயிர் சாதத்துக்கு அடியில் தேங்காய்ப்பால் வட்டலப்பம் வைத்து மூடிக்கொண்டு வயலுக்குப் போன சாமர்த்தியத்தை டீச்சரே ஸ்டாஃப் ரூமில் பாராட்டிச் சொல்லியிருக்கிறார். பிடிபட்டால் மூர்த்தி ஒருநாளும் மறுத்ததில்லை. "எப்புடிக் கண்டுபுடிச்ச?" என்று மெய்யான ஆர்வத்தோடு கேட்டுவிட்டு, பொட்டலத்தை ஒப்படைத்துவிடுவார். அடுத்த வாரம் வேறு இடத்தில் வைப்பார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர்களுக்குள் பேச்சு குறையாமல் இருந்ததற்கு இந்த விளையாட்டும் ஒரு காரணம்.

போன சம்பா நடவின்போதுதான் விளையாட்டு நின்றது. வயலில் உடைந்த நத்தை ஓடு ஒன்று மூர்த்தியின் குதிகாலைக் கிழித்துவிட்டது. சுண்டுவிரல் நகம் அளவுக் காயம். அதில் சீழ் பிடித்து, கணுக்கால்வரை சிவந்து வீங்கி, காய்ச்சல் வந்து, ஆறிமுடிய இரண்டு மாதம் ஆனது. காரைக்காலில் அவர்கள் வழக்கமாகப் பார்க்கும் சர்க்கரை டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தவாறே, "இன்னொரு தடவை இப்படி வந்தா விரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்று நிதானமாகச் சொன்னார். மூர்த்தி குனிந்து தன் கால் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் நின்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். இனிமேல் இனிப்பு கிடையாது.

டீச்சர் நம்பினார். முதல் மாதம் எந்த மூலையிலும் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாவது மாதமும் இல்லை. பொங்கலன்று, கரும்பு என்றால் கட்டோடு மென்று முடிக்கிற மனிதர், நீட்டிய துண்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அசந்துபோனார்கள்.

பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் பரிசோதனை. கால் புண்ணுக்கு முன்னால் ஏழு புள்ளி நாலு இருந்தது, இப்போது ஒன்பது புள்ளி ஒன்று. டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டு, மூர்த்தியைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்தார். அந்தப் பார்வை டீச்சருக்குப் பழக்கமானதுதான். பிட்டுப் பிடிபட்ட பிள்ளையின் அம்மாவைத் தலைமையாசிரியர் பார்க்கும் பார்வை.

ஸ்கூட்டர் திருநள்ளாறு தாண்டிக்கொண்டிருந்தது.

"சத்தியமா நான் எதுவும் சாப்புடல சொர்ணம்" என்றார் மூர்த்தி, முன்னால் இருந்து.

"நான் கேட்டனா?"

"நீ கேக்கலன்னாதான் பயமா இருக்கு."

"ரத்தம் பொய் சொல்லாதுங்க" என்று மட்டும் சொன்னார் டீச்சர்.

இந்தத் தடவை அவருக்குக் கோபத்தைவிட ரோஷம்தான் அதிகம். ஐந்து மாதமாக, தன் மூக்குக்குக் கீழேயே, ஒரு துணுக்குகூட அகப்படாமல் ஒருவர் தின்று தீர்த்திருக்கிறார் என்றால், அது எப்பேர்ப்பட்ட தொழில் முன்னேற்றம்!

கவனிக்க ஆரம்பித்தார். கவனிக்க ஆரம்பித்ததுமே துப்புகள் வரிசையில் வந்து நின்றன. முதலாவது, கிராம்பு. மூர்த்தி பக்கத்தில் வந்தாலே கிராம்பு வாசனை. சட்டைப் பையிலும் நாலு கிராம்பு. எதற்கு? வாயில் இருக்கும் இனிப்பு வாசனையை மறைக்கத்தான். இரண்டாவது, முறுக்கு. இலைபோட்டுச் சாப்பிட்டாலும் கடைசியில் முறுக்கு கேட்கிறவர் இப்போது தொடுவதே இல்லை. இட்லியைக்கூட சாம்பாரில் ஊறவைத்துக் கரைத்துக் குடிக்கிறார். வெளியில் அல்வா மாதிரி மெத்தென்று எதையோ தின்று வயிறு நிறைந்தவர்தான் இப்படி வீட்டுச் சாப்பாட்டில் அக்கறை இல்லாமல் இருப்பார். மூன்றாவது, பேசும்போது வாயைக் கையால் மறைக்கிறார். நான்காவது, தொண்டை. அடிக்கடி எச்சில் விழுங்குகிறார்!

இதற்கெல்லாம் மேல் ஒன்று இருந்தது. வியாழக்கிழமைதோறும் உரம் பார்க்கப் போகிறேன் என்று திருமலைராயன்பட்டினத்துக்குக் கிளம்பிவிடுகிறார். உரக்கடை அம்பகரத்தூரிலேயே இருக்கிறது. பட்டினத்தில் இருப்பது காஜா நஜ்முதீன் பாயின் பேக்கரி. தம்ரூட்டுக்கு அந்த வட்டாரத்திலேயே பேர்போன கடை. போன வாரம் அங்கே போய்வந்த சக ஆசிரியை ஒருவர் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் வண்டி காஜா பாய் கட வாசல்ல நின்னுச்சே டீச்சர்."

டீச்சர் கண்களை மூடித் திறந்தார். கேஸ் முடிந்துவிட்டது. கையும் களவுமாகப் பிடிப்பதுதான் பாக்கி.

அடுத்த வியாழன் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தார். மகப்பேறுக்குப் பிறகு அவர் எடுக்கும் நாலாவதோ ஐந்தாவதோ லீவு. வழக்கம்போல் பள்ளிக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, காரைக்காலில் இறங்கி, பட்டினம் பஸ்ஸில் ஏறினார். பேக்கரிக்கு எதிரே இருந்த தையல் கடையின் ஓரத்தில் குடையை முகத்துக்கு முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒளிந்து நிற்பது இருபத்தொன்பது வருடம் பாடம் நடத்திய டீச்சருக்குச் சுலபமான காரியம் இல்லை. முதல் ஐந்து நிமிடத்தில் மீன்கூடைக்காரி ஒருத்தி, "வணக்கம் டீச்சர்! குடைய ஏன் இப்புடிப் புடிச்சிருக்கீங்க, வெயிலு அந்தப் பக்கமுல்ல அடிக்குது" என்று கேட்டுவிட்டுப் போனாள். பைக்கில் போன ஒருவன் பழக்க தோஷத்தில் வண்டியை நிறுத்திச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். தையல் கடைக்காரரும் பழைய மாணவர்தான். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, டீ வாங்கித் தந்து, "யாரத் தேடுறீங்கன்னு சொன்னா நானும் சேந்து பாப்பேன்" என்றார்.

பதினொரு மணிக்கு ஸ்கூட்டர் வந்தது. பேக்கரி வாசலில் நின்றது. மூர்த்தி இறங்கினார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். டீச்சர் குடையை இன்னும் தாழ்த்தினார். மறுபடி எட்டிப் பார்த்தபோது ஆள் இல்லை. இரண்டு நிமிடம் கழித்து, பேக்கரிக்கும் அதை ஒட்டிய மருந்துக்கடைக்கும் நடுவில் இருக்கும் சந்திலிருந்து வெளியே வந்தார். கையில் சின்னக் காகிதப் பொட்டலம். சுவரோரம் திரும்பி நின்று, பொட்டலத்தைப் பிரித்து, வெள்ளையாக எதையோ எடுத்து வாயில் வைத்தார். கண்களை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு சுகம்.

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்.

"துப்புங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. மூர்த்தி திடுக்கிட்டுத் திரும்பினார். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

"சொர்ணம்… நீ எங்க இங்க…"

"பேசாதீங்க. முழுங்கிடாதீங்க. துப்புங்க!" டீச்சர் உள்ளங்கையை நீட்டினார். தேர்வு ஹாலில் இந்த நீட்டிய கைக்கு முன்னால் எத்தனையோ பேர் பிட்டைத் துப்பியிருக்கிறார்கள்.

மூர்த்தியும் துப்பினார்.

கையில் விழுந்தது தம்ரூட் இல்லை. கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சு. அதில் ரத்தமும் மஞ்சளாகச் சீழும் ஒட்டியிருந்தன. இனிப்பின் வாசனை எதுவும் இல்லை. கிராம்புக்குப் பின்னால் வேறு ஒரு நாற்றம் வந்தது. கால் புண்ணுக்குக் கட்டுப் பிரித்த நாட்களில் வீட்டில் வீசிய அதே நாற்றம்.

பேக்கரிக்குள்ளிருந்து காஜா பாய் ஓடிவந்தார். "என்னாங்க டீச்சரம்மா, நடுத்தெருவுல?"

"இவர் உங்க கடைக்கு வாரா வாரம் வர்றாரா இல்லையா பாய்? உண்மையச் சொல்லுங்க."

"அண்ணனா? அல்லா அறிய அவங்க எங்க கடப் படி ஏறி அஞ்சு மாசம் ஆவுது. நம்ம தம்ரூட்டுல என்னா கொற வந்துச்சுன்னு நானே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். வண்டிய இங்க விட்டுட்டு சந்து வழியா ரஞ்சித் கடைக்குல்ல போறாங்க."

மருந்துக்கடை ரஞ்சித்குமாரும் தலையை நீட்டினார். "வலி மாத்திரையும் கிராம்பு எண்ணெயில நனைச்ச பஞ்சும்தாங்க டீச்சர். பல் டாக்டர்ட்ட காட்டுங்கன்னு நாலு தடவை சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கிறாரு."

"வாயத் திறங்க" என்றார் டீச்சர். குரலில் பாதிச் சுருதி இறங்கியிருந்தது.

மூர்த்தி திறந்தார். ஈறெல்லாம் ஊதா நிறத்தில் வீங்கிப் பல்லைவிட்டு விலகி நின்றது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று நாக்கு பட்டாலே ஆடியது.

"எத்தன நாளா இப்புடி?"

"கால் புண்ணு ஆறுனப்பவே ஆரம்பிச்சுது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

மூர்த்தி தெருவைப் பார்த்தார், காஜா பாயைப் பார்த்தார். பிறகு ரகசியம்போலச் சொன்னார்: "பல்லுன்னு சொன்னா நீ மிட்டாயின்னு சொல்லுவ. அப்புறம் பல் டாக்டர் வாயில ஊசி போடுவாங்க."

ஆடும் பல்லோடு கரும்பை எப்படிக் கடிப்பார்? முறுக்கை எப்படி நொறுக்குவார்? டீச்சருக்குக் கரும்பலகையில் தானே போட்ட கணக்கை வகுப்பு முழுக்க நின்று தப்பு என்று சொல்வதுபோல் இருந்தது. ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருந்தது. விடைதான் வேறு. பஞ்சைப் பிடித்த கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார். காஜா பாய் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

அதே தெருவில் மாடியில் சித்திக்கா என்ற பல் டாக்டரின் கிளினிக் இருந்தது. மூர்த்தியை டீச்சர் முன்னால் ஏறவிட்டுப் பின்னால் ஏறினார், இறங்கி ஓடிவிடக் கூடாது என்று. சித்திக்காவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "பிளஸ் டூ-ல எங்க ஹாலுக்கு நீங்கதான் டீச்சர் வந்தீங்க. பயத்துல எனக்குப் படிச்சதே மறந்துடுச்சு."

"மறந்தும் டாக்டர் ஆயிட்டல்ல. இவரப் பாரு."

சித்திக்கா சன்னமான கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் இறக்கி இறக்கி அளந்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பை பையா ஆழமாயிடுச்சு. அதுக்குள்ள பாக்டீரியா குடித்தனம் பண்ணுது. இந்தப் புண்ணையெல்லாம் எடுத்து ஒண்ணா விரிச்சா உங்க உள்ளங்கை அகலம் வரும். கால்ல அவ்ளோ பெரிய புண் இருந்தா சும்மா விடுவீங்களா சார்?"

மூர்த்தி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"வாயிலதான இருக்குன்னு நெனைக்கிறோம். அங்கேருந்து ரத்தத்துல கலக்குது. ஒடம்பு அதோட ராவும் பகலும் சண்ட போடுது. அந்தச் சண்டையில இன்சுலின் சரியா வேல செய்யாது, சர்க்கர ஏறும். சர்க்கர ஏறினா பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம், ஈறு இன்னும் கெடும். ஒண்ண ஒண்ணு தூக்கிவிட்டுக்கிட்டே போவும்."

டீச்சர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "அப்படின்னா… இவர் இனிப்பே சாப்பிடாம சர்க்கர ஏறியிருக்கலாமா?"

"ஏறலாம் டீச்சர்."

"இவர் சாப்பிடலைன்னு உறுதியாச் சொல்ல முடியுமா?"

சித்திக்கா சிரித்தார். "அத ஈறப் பாத்துச் சொல்ல முடியாது. ஆனா இந்த வாய வச்சிக்கிட்டு அவர் எத சாப்பிட்டிருந்தாலும் அழுதுக்கிட்டேதான் சாப்பிட்டிருப்பார்."

மூர்த்தி வெற்றிகரமாக மனைவியைப் பார்த்தார். ஊசியைப் பார்த்ததும் அந்த வெற்றி போய்விட்டது.

சர்க்கரை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஐந்து நாள் ஆண்டிபயாடிக் கொடுத்து, காப்பாற்ற முடியாத இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். மற்றவற்றின் வேர்வரை நாலு தவணையாகச் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு தவணைக்கும் டீச்சர் கூடவே போனார். ஊசி போடும்போது மூர்த்தி பிடித்துக்கொள்ளத் தன் முழங்கையைக் கொடுத்தார். அதில் நகம் பதிந்த இடம் இரண்டு நாள் சிவந்திருக்கும். ஸ்டாஃப் ரூமில் யாராவது கேட்டால் கொசு என்பார்.

மூன்று மாதம் கழித்து வந்த ரத்தப் பரிசோதனையில் ஏழு புள்ளி ஒன்பது. மாத்திரையும் கூடியிருந்தது, வாயும் ஆறியிருந்தது, எதனால் எவ்வளவு குறைந்தது என்று சர்க்கரை டாக்டர் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை அவர் மூர்த்தியைப் பார்த்துப் பேசினார். அடுத்து வரும் நோயாளிகளிடமும் "ஈறில் ரத்தம் வருதா?" என்று கேட்கப்போவதாகச் சொன்னார்.

டீச்சருக்கு மட்டும் ஒரு காரியம் பாக்கி இருந்தது. தப்பாகப் பிடித்தால் என்ன சொல்வது என்பது அவருக்குப் பழக்கம் இல்லாத பாடம். வாழைப்பூ வடை சுட்டுக் கொடுத்துப் பார்த்தார். மூர்த்தி வடையைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் ஏதோ வரவேண்டும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். "இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா?" என்று டீச்சர் கேட்டார். "வடை போதும்" என்றார் அவர்.

மன்னிப்பு அப்படியே தள்ளிப்போய்க்கொண்டிருந்தபோது, ஈறு ஆறிவிட்டதா என்று காட்டப் போன அன்றைக்கு, சித்திக்கா கைகழுவிக்கொண்டே சும்மா கேட்டார்: "டீச்சர், உங்களுக்குப் பல் தேய்க்கையில ரத்தம் வருமா?"

"கொஞ்சம் வரும். நான் அழுத்தித் தேய்ப்பேன்."

"எத்தன வருஷமா?"

"ஒரு… ஆறு வருஷம்." டீச்சர் எச்சில் விழுங்கினார். மூர்த்தி அதைப் பார்த்துவிட்டார்.

"உக்காருங்க டீச்சர்" என்றார் சித்திக்கா.

"இன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம" என்றார் மூர்த்தி.

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். அடுத்த ஞாயிறு தலைவலி. அதற்கடுத்தது வினாத்தாள் தயாரிப்பு. மூன்றாவது ஞாயிறு, உரம் வாங்கப் போகலாம் வா என்று மூர்த்தி ஸ்கூட்டரில் ஏற்றி நேராக மாடிப்படியில் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டியிருந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். ஆயிரம் பிள்ளைகளை நடுங்கவைத்த டீச்சர் கண்களை இறுக மூடிக்கொண்டு பதினேழாம் வாய்ப்பாட்டை மனசுக்குள் சொன்னார். முடிந்ததும் சித்திக்கா பஞ்சை வைத்து, "ரெண்டு மூணு மணி நேரத்துக்குப் பேசாதீங்க. மரத்திருக்கு, தெரியாம உதட்டக் கடிச்சிக்குவீங்க" என்றார்.

கீழே இறங்கியதும் மூர்த்திக்கு விஷயம் விளங்கியது. சொர்ணம் பேசக் கூடாது. டாக்டர் உத்தரவு.

வண்டியைக் கிளப்பியவர் பட்டினத்திலேயே பேச ஆரம்பித்தார். ஐந்து மாதமாகத் தன்னை எப்படியெல்லாம் பார்த்தாள், தலையணை உறையைக்கூட உதறிப் பார்த்ததைத் தான் கவனிக்கவில்லை என்று நினைத்தாளா, நடுத்தெருவில் துப்பச் சொன்னபோது தையல் கடைக்காரர் சிரித்ததை அவள் பார்த்தாளா. காரைக்கால் வந்தது. கல்யாணமான புதிதில் நிரவியில் அவள் அப்பா தன்னை வயலுக்கு அழைத்துப்போய் நாற்றங்காலில் பரீட்சை வைத்ததைச் சொன்னார். சிக்னலில் நின்றபோதும் நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் முழுக்கக் கேட்டார். திருநள்ளாற்றில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார். டீச்சர் ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டு இடத்தில் தோளில் அடித்தார். ஓரிடத்தில் சிரித்தார், பாதி உதடு மட்டும் சிரித்தது.

அம்பகரத்தூர் எல்லையில் வயல்கள் ஆரம்பிக்கும் இடத்தில் டீச்சர் பஞ்சைக் கன்னத்துப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு, அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். மரத்த உதட்டிலிருந்து "மங்ஙிச்சுக்ஹங்ஹ" என்று வந்தது.

மூர்த்தி வண்டியை ஓரம் கட்டினார். "என்னா சொன்ன?"

டீச்சர் இன்னொரு தடவை சொன்னார். இன்னும் மோசமாக வந்தது.

"சரியாக் கேக்கல சொர்ணம். இன்னொரு தடவ சொல்லு."

அவருக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது என்பது டீச்சருக்குத் தெரிந்தது. ஆனாலும் மூன்றாவது தடவையும் சொன்னார். மூர்த்தி தலையை ஆட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். வீடு வருவதற்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது. விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.